புதுச்சட்டையின் சர்வாதிகாரம்

ஜூன் மாதம் நெருங்கும்போதெல்லாம் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்க வீடுகளில் ஒரு சடங்கு தவறாமல் அரங்கேறுகிறது. சென்ற ஆண்டு வாங்கிய புத்தகப்பை கிழியாமல் பரணில் கிடக்கும். புதிய பை வாங்கப்படும். டப்பா நிறைய அரைப் பென்சில்கள் இருக்கும்; புதிய பெட்டி பிரிக்கப்படும். அக்காளின் சீருடை தங்கைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். தங்கைக்கும் புதுத்துணி எடுக்கப்படும். எதற்காக என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், ‘பிள்ளைகள் விஷயத்தில் கணக்குப் பார்க்கலாமா?’ என்ற மறுகேள்வியே பதிலாக வருகிறது. பிள்ளைகள் விஷயத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது நம் தரப்பு. இன்று நாம் குப்பையில் எறிவதோடும் ஆற்றில் கலப்பதோடும் நாளை வாழப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகளே.

அண்மைக்காலத்தில் இந்தச் சடங்குக்குள் ஒரு புதிய பூசாரியும் நுழைந்திருக்கிறார். அவர் பெயர் ‘பசுமை’. நுனியில் விதை பொதிந்த பென்சில், மூங்கில் அளவுகோல், இயற்கைப் பருத்திச் சட்டை, மறுசுழற்சித் தாளில் செய்த நோட்டு என்று அவருடைய கடை விரிகிறது. விலையோ சாதாரணப் பொருளைப் போலச் சில மடங்கு. வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொண்டு மனநிறைவோடு வீடு திரும்புகிறார்கள். வாங்க இயலாதவர்கள், சுற்றுச்சூழல் என்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற முடிவுக்கு வருகிறார்கள். இரண்டாமவர்களின் முடிவு தவறானது. அந்தத் தவறை அவர்களுக்குக் கற்பித்தவர்கள் முதலாமவர்கள். வீட்டில் ஆறு அரைப் பென்சில்கள் கிடக்கையில் ஏழாவதாக வாங்கப்படும் விதைப் பென்சில் எந்த மரத்தையும் காப்பாற்றுவதில்லை. அதுவும் ஒரு மரத்துண்டுதான்.

பள்ளிப் பொருள்களைப் பொறுத்தவரை, சிக்கனமும் சூழல் பேணலும் பெரும்பாலும் ஒன்றே என்று நாம் உறுதியாகச் சொல்கிறோம். இரண்டையும் பிரித்து, ஒன்றை ஏழ்மை என்றும் மற்றதை நாகரிகம் என்றும் பெயரிட்டவை சந்தையும் பள்ளி நிர்வாகங்களும், இவ்விரண்டுக்கும் தலையாட்டும் நம்முடைய பொதுப்புத்தியும்தான்.

ஒரு சீருடைச் சட்டையின் பின்னால் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். ஒரே ஒரு பருத்திச் சட்டைக்குத் தேவையான பருத்தியை விளைவிப்பதில் தொடங்கி அதை உடுக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுவரை ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்பது உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் கணக்கு. அப்படியானால் பாலியெஸ்டர் மேலா என்று கேட்கலாம். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்த்துக்கொண்டே இருப்பது. தவிரவும், சித்திரை வெயிலின் மிச்சம் இன்னும் தணியாத ஜூன் மாதத்து வகுப்பறையில் ஒரு குழந்தையின் உடம்பைப் புழுங்க வைப்பது. எந்தத் துணியும் இங்கே குற்றமற்றது இல்லை.

சாயத்தின் கதை இதைவிடக் கொடியது. அதைத் தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நொய்யல் ஆற்றங்கரைக்குப் போனால் போதும். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை, பாசனத்துக்காக எழுந்தது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கும் குட்டையாக அது மாறிப்போனது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ அதே விவசாயிகள், அதன் நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்பை உறுதிசெய்யாத காரணத்தால் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இந்தப் பட்டறைகளில் பெரும்பகுதி ஏற்றுமதிக்காக உழைத்தவை என்பது உண்மை. எனினும், துணிக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு நிறத்துக்கும் எங்கோ ஓர் ஆறு விலை கொடுக்கிறது என்ற பாடத்தை நொய்யலைவிடத் தெளிவாக வேறெதுவும் நமக்குச் சொன்னதில்லை.

எனவே, எந்தத் துணி நல்ல துணி என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வரவேண்டும். முதற்கேள்வி, ஒரு துணி எத்தனை ஆண்டு, எத்தனை உடம்புகளுக்கு உழைக்கிறது என்பது. ஒரு சட்டையை இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து அணிந்தால், அதற்குச் செலவான நீரும் சாயமும் பணமும் ஒரு குழந்தைக்குப் பாதியாகின்றன. எந்த நிறுவனத்தின் பசுமை முத்திரையும் இந்த எளிய வகுத்தல் கணக்குக்கு ஈடாகாது.

இந்தக் கணக்கைத் தமிழ்ச் சமூகம் அறிந்தே இருந்தது. வளரும் பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது டக் பிடித்துத் தைப்பார்கள். ஆண்டுக்கொரு மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடையும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். கால்சட்டையின் உள்மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டுவைக்காத தையற்காரரைத் தெருவே ஏசும். முழுப்பரீட்சை முடிந்த கையோடு பாடப்புத்தகங்கள் பாதி விலைக்குக் கைமாறும். சென்ற ஆண்டு நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கிழித்தடுக்கி, கோணி ஊசியால் தைத்து, ரஃப் நோட்டு ஆக்குவார்கள். பழைய செய்தித்தாளோ நாட்காட்டித் தாளோ அதற்கு அட்டையாகும்.

இதைப் பழம்பெருமையாக நாம் சொல்லவில்லை. அந்தச் சிக்கனத்தின் பெரும்பகுதி வறுமை கட்டாயப்படுத்தியது. சிலேட்டுகூட இல்லாமல் பள்ளிக்குப் போன தலைமுறைகளின் துயரத்தை அழகாக்கிக் காட்டும் வேலையை நாம் செய்யமாட்டோம். ஒட்டுப்போட்ட சட்டைக்காகச் சக மாணவர்களின் கேலியைச் சுமந்தவர்கள், தம் பிள்ளைக்கு எல்லாம் புதிதாகவே இருக்கட்டும் என்று விரும்புவதன் பின்னுள்ள வலி நமக்குப் புரிகிறது. ஆனால் அந்த வலியைச் சந்தை மிகச் சரியாக அடையாளம் கண்டுகொண்டது என்பதும், அதையே மூலதனமாக்கிக்கொண்டது என்பதும் உண்மை. வறுமை நீங்கியபோது அதனுடன் சேர்த்து அறிவையும் தூக்கி எறியவைத்தது சந்தையின் சாமர்த்தியம்.

மஞ்சப்பையின் வரலாறு இதற்குச் சரியான சாட்சி. கல்யாண வீட்டிலும் துணிக்கடையிலும் கிடைத்த மஞ்சப்பையில் புத்தகம் கொண்டுபோய்ப் படித்தவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனையோ பேர். பின்னர் ஒரு காலம் வந்தது. மஞ்சப்பை என்பது பட்டிக்காட்டானின் அடையாளமாயிற்று. திரைப்படங்களில் பட்டணத்துக்கு வந்திறங்கும் வெகுளியின் கக்கத்தில் அது செருகப்பட்டு நகைப்புக்குரியதாயிற்று. அதன் இடத்தைப் பிளாஸ்டிக் பை பிடித்தது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கத்தையே அரசு தொடங்கவேண்டியிருந்தது. வெட்கப்பட வைத்துக் கைவிடச் செய்த ஒன்றை, விளம்பரம் செய்து திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. பழைய சீருடைக்கும் பழைய புத்தகத்துக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. அவற்றைத் திரும்ப அழைக்கத்தான் இன்னும் எவரும் முன்வரவில்லை.

சீருடை என்ற ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும்போது உடையிலாவது வேற்றுமை தெரியக்கூடாது என்பதே அது. அந்த நியாயத்தை நாம் இன்றும் ஏற்கிறோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில், வடிவியல் பெட்டி எனப் பலவற்றையும் அரசே விலையின்றி வழங்குவதும், அந்தச் சீருடைத் துணியைக் கூட்டுறவுச் சங்கங்களின் நெசவாளர்கள் நெய்வதும் பெருமைக்குரியவை. ஆனால் தனியார் பள்ளிகளில் சீருடை தன் நியாயத்தையே தலைகீழாக்கிக்கொண்டுவிட்டது. அங்கே அது, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத் தெருவுக்கு அறிவிக்கும் விளம்பரப் பலகை. வாரத்தில் மூன்று நாளைக்கு ஒரு உடை, புதன்கிழமைக்கு வெள்ளை, விளையாட்டு நாளுக்கு அணியின் நிறத்தில் ஒரு பனியன், விழாவுக்குக் கழுத்துப்பட்டை, இவற்றுக்குத் தக்கபடி கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஜோடி ஷூக்கள். இத்தனையிலும் பள்ளியின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே வெளிக்கடையில் வாங்க முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கட்டத்தின் அளவோ கோட்டின் நிறமோ மாற்றப்படும். ஆகவே அண்ணனின் சட்டை தம்பிக்கு உதவாது. இந்த மாற்றத்தால் எந்தக் குழந்தையின் கல்வி ஒரு அங்குலம் உயர்ந்தது என்று கேட்கும் துணிவு பெற்றோர் கூட்டங்களில் எழுவதேயில்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. புத்தகம், எழுதுபொருள், சீருடை, பை ஆகியவற்றை விற்கும் வணிகத்தில் பள்ளிகள் ஈடுபடக்கூடாது என்றது அது. 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கழுத்துப்பட்டையை நமக்குக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்தில் நடந்ததையும் இங்கே பார்க்கவேண்டும். பள்ளிச் சீருடையின் செலவைப் பற்றி அந்நாட்டு நாடாளுமன்றம் 2021-இல் ஒரு சட்டமே இயற்றியது. அதன்கீழ் வந்த வழிகாட்டுதல், முத்திரை பொறித்த உடைகளைக் குறைந்தபட்ச அளவில் வைத்துக்கொள்ளவும், பயன்படுத்திய சீருடைகள் பெற்றோருக்குக் கிடைக்க ஏற்பாடு செய்யவும் பள்ளிகளைப் பணிக்கிறது. குளிர்நாட்டுக் கழுத்துப்பட்டையை வெயில்நாட்டுக் குழந்தையின் கழுத்தில் கட்டத் தெரிந்த நமக்கு, அவர்களுடைய இந்த நல்லறிவை மட்டும் இறக்குமதி செய்யத் தெரியவில்லை.

இலக்கிய வாசகர்களிடம் இதையெல்லாம் ஏன் பேசவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அவர்களிடம்தான் பேசவேண்டும். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டைப் பற்றி இன்றுவரை கண்ணீர் மல்கப் பேசுகிறவர்கள் இலக்கிய வாசகர்கள். திருவல்லிக்கேணி நடைபாதையில் அகப்பட்ட முதற்பதிப்பை, முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்தோடும் அடிக்கோடுகளோடும் பொக்கிஷமாகப் பாதுகாக்கிறவர்கள் அவர்கள். பழைய புத்தகத்தின் மணத்தைப் பற்றி அவர்கள் எழுதிய பத்திகளைத் தொகுத்தால் அதுவே ஒரு நூலாகும். இதே வாசகர்களின் வீட்டுப் பிள்ளைக்கு, போன ஆண்டு வேறொரு பிள்ளை படித்த கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள் பார்ப்போம்! அப்போது அடிக்கோடு அழுக்காகிவிடும், கையெழுத்து அவமானமாகிவிடும். பழையதன் அருமை நூலகத்தோடு நின்று, பள்ளிக்கூடப் பையை எட்டாமற்போவது எந்த வகை ரசனை என்பதை அவர்களே சொல்லட்டும்.

எழுத்தாளர்களுக்கு இது புறம்பான விஷயமும் இல்லை. ஆர்.கே. நாராயண் 1986 முதல் 1992 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தார். அங்கே தம் முதல் உரையை இலக்கியத்துக்காகவோ விருதுகளுக்காகவோ அவர் செலவிடவில்லை. காலையில் சீருடையில் அடைக்கப்பட்டு, முதுகு வளையப் பை சுமந்து போகும் குழந்தைகளுக்காகப் பேசினார். யஷ்பால் குழு அமைக்கப்பட்டதும், சுமையற்ற கற்றல் பற்றிய அதன் அறிக்கை 1993-இல் வெளிவந்ததும் அதன் பிறகு நடந்தவை. பையின் எடை குழந்தையின் உடல் எடையில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டு கிலோ. வெறும் பையே ஒரு கிலோ இருந்தால், அதனுள் புத்தகத்துக்கு எஞ்சுவது ஒரு கிலோதான். இரும்புச் சட்டமும் உருளைகளும் பொம்மைப் படங்களும் கொண்ட பைகளை வாங்கித் தருகிறவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கவேண்டும். கெட்டியான காடாத்துணியில் தைத்த பை இலகுவானது, துவைக்கக்கூடியது, கிழிந்தால் தெருமுனைத் தையற்காரரே தைத்துக் கொடுக்கக்கூடியது.

நோட்டுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆண்டு முடிவில் பத்து நோட்டுகளில் பத்துப் பத்துத் தாள்கள் எழுதாமல் மிஞ்சினால், நூறு தாள்கள். 192 பக்க நோட்டு ஒன்றில் இருப்பது 96 தாள்கள். அதாவது, ஒரு முழு நோட்டை ஒவ்வொரு ஆண்டும் எடைக்குப் போடுகிறோம். புதிதாக வாங்கியே தீரவேண்டும் என்றால், இந்த மண்ணிலேயே நல்ல வழி இருக்கிறது. கரூர் மாவட்டத்துப் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சர்க்கரை ஆலைகளில் எஞ்சும் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு 1980-களிலிருந்து காகிதம் செய்துவருகிறது. பசுமை என்ற சொல் விளம்பரமாவதற்கு வெகுகாலம் முன்பே அது வேலையைத் தொடங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், அழிப்பான் முதலியவற்றின்மீதான சரக்கு சேவை வரியும் நீக்கப்பட்டிருக்கிறது. விலை குறைந்ததை இன்னும் கூடுதலாக வாங்குவதற்கான அழைப்பாக எடுத்துக்கொண்டால் பயனில்லை.

அந்த நோட்டுக்குப் போடும் அட்டையையும் விடுவதற்கில்லை. வெறும் பழுப்புத்தாள் மண்ணில் மட்கிவிடும்; பழைய தாள் வாங்குபவரிடமும் செல்லும். இப்போதோ, பிளாஸ்டிக் படலம் ஒட்டிய பளபளப்பான பழுப்புத்தாளைத்தான் பல பள்ளிகள் கேட்கின்றன. தாளும் பிளாஸ்டிக்கும் பிரிக்கவியலாமல் ஒட்டிப்போன அது, தாளோடும் சேராது, பிளாஸ்டிக்கோடும் சேராது, குப்பைமேட்டுக்குத்தான் போகும். எல்லா நோட்டும் ஒரேமாதிரி மின்னவேண்டும் என்ற ஒரு ஆசிரியையின் ஒழுங்குணர்ச்சிக்காக, ஒரு வகுப்பின் நாற்பது பிள்ளைகள் ஆண்டுதோறும் இதைச் செய்கிறார்கள். எழுதித் தீர்ந்ததும் எறியும் பேனாவுக்குப் பதில் ரீஃபில் மாற்றும் பேனா, மசி நிரப்பும் பேனா. ஆண்டுக்கு இரண்டு உடையும் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் பத்தாண்டு உழைக்கும் எவர்சில்வர் டப்பா. இவற்றுள் எதற்கும் பசுமைக்கடை தேவையில்லை. தெருமுனைப் பாத்திரக்கடையும் எழுதுபொருள் கடையும் போதும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்பதை அறிவோம். முதலாவது, பழையதை அணியும் குழந்தை வகுப்பில் கேலிக்கு ஆளாகுமே என்பது. ஒரு குழந்தை மட்டும் அணிந்தால் ஆளாகும். எல்லாருடைய சீருடைகளும் பள்ளியின் ஒரு அறையில் சேர்ந்து, துவைத்துத் தேய்த்து, அளவுவாரியாக அடுக்கப்பட்டு, வசதியுள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்று எடுத்துச்சென்றால், கேலி செய்ய ஆள் இருக்காது. தலைமையாசிரியரின் மகன் முதலில் எடுத்துச்செல்லட்டும். இரண்டாவது மறுப்பு, நெசவாளரும் தையற்காரரும் கடைக்காரரும் என்ன ஆவார்கள் என்பது. இது நியாயமான கேள்வி. ஆனால் முத்திரை பொறித்து வரும் ஆயத்தச் சீருடையில் தெருத் தையற்காரருக்கு இன்று என்ன பங்கு இருக்கிறது? பழுதுபார்த்தலும் அளவு மாற்றுதலும் திரும்பினால் அவருக்கு வேலை திரும்பும். குறைவாக வாங்குகிறவர்கள் மிச்சமாகும் பணத்தில் கெட்டியான கைத்தறியையே வாங்கலாம். நெசவாளருக்கு அது கெடுதலாகாது.

ஆகவே நம் கோரிக்கைகளைச் சுருக்கமாகவே வைக்கிறோம். சீருடையின் நிறத்தையும் வடிவத்தையும் குறைந்தது பத்தாண்டுகளுக்கு மாற்றுவதில்லை என்று ஒவ்வொரு பள்ளியும் எழுத்தில் உறுதி தரவேண்டும். முத்திரை வேண்டுமென்றால் தனியே தைத்துக்கொள்ளும் சிறு துணிவில்லையாகக் கொடுக்கவேண்டும். துணியைப் பெற்றோர் எங்கும் வாங்கிக்கொள்ளட்டும். கழுத்துப்பட்டை ஒழியவேண்டும். ஆண்டு இறுதியில் புத்தகமும் சீருடையும் கைமாறும் ஒரு நாளைப் பள்ளி நாட்காட்டியில் குறிக்கவேண்டும். புதிய பொருள்களின் பட்டியலைப் பெற்றோரிடம் நீட்டுமுன், வீட்டில் இருப்பவற்றைக் கொண்டுவரலாம் என்ற ஒரு வரியை அதன் தலைப்பில் அச்சிடவேண்டும்.

இவற்றில் எதற்கும் நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. நிபுணர் குழுவும் வேண்டியதில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த ஆண்டு எதற்காகச் சட்டையின் கட்டத்தை மாற்றினீர்கள் என்று ஒருவர் கேட்டால் போதும். இரண்டாமவர் அவருக்குப் பக்கத்தில் எழுந்து நிற்கவேண்டும். அந்த இரண்டாமவராக இருக்கும்படிதான் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறோம்.